கிரேக்க நாடகம்: மூன்றே நடிகர்களை வைத்து எப்படிச் சமாளித்தார்கள்?

கிரேக்க நாடகம் என்று பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் "முகமூடியின் வாயில் குரலைப் பெருக்க ஒரு குழல் வைத்திருப்பார்களாம்" என்று ஆரம்பித்துவிடுவார். அடுத்தவர் ஒரு சாண் உயரக் காலணியைப் பற்றிச் சொல்வார். கொஞ்சம் படித்தவராக இருந்தால், "காலம், இடம், செயல் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும், அரிஸ்டாட்டில் போட்ட விதி" என்று முடித்து வைப்பார். நானும் பல வருடம் இதையெல்லாம் நம்பி நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன், அதனால் யாரையும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் இந்த மூன்றில் ஒன்றுகூடச் சரியில்லை.

குழப்பத்துக்கு முக்கியக் காரணம், "பழைய கிரேக்கம்" என்ற பெயரில் பல நூற்றாண்டுச் சங்கதிகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். நாம் இன்று படிக்கிற கிரேக்க நாடகங்களில் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே ஊரில், ஏதென்ஸில், கி.மு. 472க்கும் 388க்கும் நடுவில் மேடையேறியவை. ஏஸ்கிலஸ், சோஃபோக்ளிஸ், யூரிப்பிடிஸ் மூவரும் எழுதியவை சோக நாடகங்கள். அரிஸ்டோஃபனிஸ் எழுதியவை நகைச்சுவை நாடகங்கள். இந்தக் கட்டுரை அந்த ஊரை, அந்தக் காலத்தைப் பற்றி மட்டும்தான்.

முதலில் திருவிழா, அதற்குள் ஒரு போட்டி

நாடகம் பார்ப்பது என்றால் நமக்கு ஏதோ ஒரு சாயங்காலம் டிக்கெட் வாங்கி, இருட்டில் உட்கார்ந்து, முடிந்ததும் வீட்டுக்கு வருவது. அதை மறந்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை வருகிற ஊர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். வசந்த காலத் தொடக்கத்தில், நம் கணக்குப்படி மார்ச் வாக்கில், டயோனிசஸ் என்ற மதுக் கடவுளுக்கு ஏதென்ஸில் பெரிய விழா. ஊர்வலம் உண்டு, காளைகளைப் பலியிடுவது உண்டு. ஏதென்ஸுக்கு அடங்கிய நகரங்கள் கட்டிய கப்பப் பணத்தை அரங்கத்துக்குள் கொண்டுவந்து எல்லோரும் பார்க்கக் காட்டுவார்கள். போரில் அப்பாவை இழந்து அரசாங்கச் செலவில் வளர்ந்த பையன்கள் வயது வந்ததும் கவசம் போட்டு அணிவகுப்பார்கள். அப்புறம்தான் நாடகம்.

அந்த நாடகமும் சும்மா பொழுதுபோக்கு கிடையாது, போட்டி. மூன்று சோக நாடகக் கவிஞர்கள், ஆளுக்கு ஒரு நாள். ஒரே நாளில் ஒருவர் மூன்று சோக நாடகங்களையும் கடைசியில் ஒரு கூத்தையும் போட வேண்டும். அந்தக் கடைசி ஒன்றுக்கு சாட்டிர் நாடகம் என்று பெயர்: பாதி மனிதன், பாதி மிருகமாகத் திரியும் குடிகாரக் கும்பலைக் கோமாளிகளாக வைத்து, புராணக் கதையையே கிண்டலடிப்பது. காலையிலிருந்து அழுதவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. நகைச்சுவை நாடகங்களுக்குத் தனிப் போட்டி. இவை போக, ஏதென்ஸின் பத்துக் குலங்களிலிருந்தும் ஐம்பது ஆண்கள் கொண்ட ஒரு குழுவும், ஐம்பது சிறுவர்கள் கொண்ட ஒரு குழுவும் பாடி ஆடிப் போட்டியிடுவார்கள். அதற்கே ஆயிரம் பேர் ஆயிற்று, ஒவ்வொரு வருடமும். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்களில் ஏகப்பட்ட பேர் எப்போதோ தாங்களே அந்தத் தரையில் ஆடியவர்கள். தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் மேட்ச் பார்க்கிற மாதிரி பார்த்திருப்பார்கள், எங்கே கால் தப்பியது என்று உடனே தெரியும்.

பணம் யார் போட்டது? நம் கோயில் விழாக்களில் "இன்றைய உபயம் இன்னார்" என்று போடுவார்களே, ஏறக்குறைய அந்த ஏற்பாடு. ஆனால் இங்கே உபயதாரர் தானாக முன்வர வேண்டும் என்பதில்லை, ஊரின் பெரும் பணக்காரர்களில் ஒருவரை அரசே பிடித்துப் போட்டுவிடும். அவருக்கு கொரேகோஸ் என்று பெயர். நாடகத்தில் பாடி ஆடுகிற கோரஸ் குழுவின் பயிற்சிக்கும் உடைக்கும் ஆன செலவு அவர் தலையில். கி.மு. 472இல் ஏஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகத்துக்குச் செலவழித்தவர் பெரிக்ளிஸ், பிற்காலத்தில் ஏதென்ஸையே வழிநடத்தியவர், அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். நடிகர்களின் சம்பளம் மட்டும் அரசின் செலவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

தீர்ப்பு சொல்ல, குலத்துக்கு ஒருவராகக் குலுக்கலில் பத்து நடுவர்கள். அவர்கள் போட்ட பத்து ஓட்டிலும் ஐந்தை மட்டும் எடுத்து எண்ணுவார்கள். லஞ்சம் கொடுக்க நினைப்பவனைத் திணறடிக்க நல்ல வழி. ஆனால் ரசனைக்கு அது உத்தரவாதம் கிடையாது. இன்று உலகமெங்கும் மேடையேறுகிற யூரிப்பிடிஸின் 'மீடியா' கி.மு. 431இல் மூன்று பேரில் மூன்றாவதாக வந்தது. சோஃபோக்ளிஸின் 'ஈடிபஸ்' ஃபிலோக்ளிஸ் என்பவரிடம் தோற்றது. அந்த ஃபிலோக்ளிஸின் நாடகம் ஒன்றுகூட இன்று முழுதாக இல்லை.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: வருடத்துக்கு ஒரு முறை, கடவுள் விழாவில், பட்டப்பகலில், ஊரே உட்கார்ந்து பார்க்கிற போட்டி. கவிஞர்தான் இயக்குநர், இசையமைப்பாளர், ஆட்டம் சொல்லிக் கொடுப்பவர், எல்லாம்.

இடம்: தெரிந்த சொற்கள், தெரியாத அர்த்தம்

தியேட்டர், ஆர்கெஸ்ட்ரா இரண்டும் நாம் தினம் புழங்குகிற சொற்கள். இரண்டும் இந்த அரங்கத்திலிருந்து வந்தவை. 'தியேட்ரான்' என்றால் பார்க்கும் இடம், அதாவது மக்கள் உட்காரும் மலைச்சரிவு. 'ஆர்கெஸ்ட்ரா' நமக்குக் கல்யாண வரவேற்பில் பாடுகிற குழு, அவர்களுக்கோ ஆடுகிற தரை. அந்தத் தரைக்குப் பின்னால் 'ஸ்கேனே', நேர் அர்த்தம் கூடாரம். நடிகர்கள் வேஷம் மாற்றுகிற மறைவிடமாகத் தொடங்கி, பிறகு கதவும் கூரையும் வைத்த மரக் கட்டடமாகி, அரண்மனையாகவும் கோயிலாகவும் நடித்தது. சினிமாவில் நாம் சொல்லும் 'சீன்' இந்தக் கூடாரத்தின் பேரப்பிள்ளை.

ஏதென்ஸின் அரங்கம் அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருந்தது. இன்று புகைப்படத்தில் பார்க்கிற கல் இருக்கைகளில் சோஃபோக்ளிஸின் ரசிகர்கள் யாரும் உட்காரவில்லை. அவற்றைக் கட்டியது கி.மு. 330கள் வாக்கில், அவர் இறந்து எழுபது வருடம் கழித்து. அவர் காலத்தில் மரப் பெஞ்சுகள்தான், கூட்டமும் நாலாயிரம் முதல் ஏழாயிரம் வரை இருக்கலாம் என்பது இன்றைய ஆய்வாளர்கள் பலருடைய கணக்கு. எல்லோரும் காட்டுகிற அந்த அழகான வட்டத் தரை எபிடாரஸில் இருப்பது. அது வேறு ஊர், வேறு நூற்றாண்டு.

திரை கிடையாது. விளக்கும் கிடையாது. (சமஸ்கிருத நாடகத்தில் திரைக்கு 'யவனிகை' என்று பெயர் இருப்பதால் நாடகக் கலையே யவனர்களிடமிருந்து வந்தது என்று ஒரு வாதம் அடிக்கடி கண்ணில் படும். திரையே இல்லாத அரங்கத்திலிருந்து திரை எப்படி வரும் என்று திருப்பிக் கேளுங்கள்.) விளக்கு இல்லாததால் இருட்டைக்கூட வசனம்தான் கொண்டுவர வேண்டும். கி.மு. 458இல் மேடையேறிய ஏஸ்கிலஸின் 'அகமெம்னான்' தொடக்கத்தில், அரண்மனைக் கூரைமேல் ஒரு காவல்காரன் படுத்துக்கொண்டு, வருடம் முழுக்க நட்சத்திரங்களைப் பார்த்தே அலுத்துவிட்டது என்று புலம்புகிறான். வெயிலில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்களுக்கு அது இரவு. அவ்வளவுதான், வேறு ஏற்பாடு ஒன்றும் இல்லை.

கோரஸ்: கதாநாயகன் பின்னால் ஆடுகிற கூட்டம் இல்லை

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது இதுதான் என்பேன். கோரஸ் என்பது பாடிக்கொண்டே ஆடுகிற குழு. சோக நாடகத்தில் முதலில் பன்னிரண்டு பேர், பிறகு பதினைந்து, நகைச்சுவையில் இருபத்து நான்கு. தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த ஊர்க்காரர்கள். நாடகத்தைப் படிக்கிறவர்கள் கோரஸ் வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள், கதை நகரவில்லை என்று. ஆனால் வரலாற்றுப்படி கோரஸ்தான் மூத்தது, நடிகர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர். பாடும் குழுவிலிருந்து ஒருவர் தனியாக விலகி நின்று பேச ஆரம்பித்தார், அதுதான் நாடகம் ஆனது என்பது மரபு. அந்த முதல் ஆளாக தெஸ்பிஸ் என்ற பெயரைச் சொல்வார்கள்.

கோரஸுக்குக் கதையில் ஒரு வேஷம் உண்டு. ஊர்ப் பெரியவர்களாக வருவார்கள், போரில் சிறைப்பட்ட பெண்களாக வருவார்கள். ஏஸ்கிலஸின் 'யூமெனிடிஸ்' நாடகத்தில் தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸைத் துரத்திக்கொண்டே வந்து, வழக்கு மன்றத்தில் குற்றம் சாட்டுகிற பழிவாங்கும் தெய்வங்கள்தான் கோரஸ். அங்கே எதிர்த்தரப்பே அவர்கள்தான், பின்னணி எங்கே வந்தது?

இவர்களுடன் தரையில் நின்று வாசிப்பவர் ஒரே ஒரு கலைஞர், அவர் கையில் 'ஆலோஸ்'. இதைப் புல்லாங்குழல் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள், தப்பு. ஆலோஸ் சீவாளி வைத்து ஊதுகிற இரட்டைக் குழல். அதனால் இனத்தில் நாதஸ்வரத்துக்குத்தான் நெருக்கம். திறந்த வெளியில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கேட்க வேண்டுமே. அந்த இசை ஏறக்குறைய முழுவதும் தொலைந்துவிட்டது, யூரிப்பிடிஸின் 'ஒரெஸ்டிஸ்' நாடகத்தில் வரும் ஒரு சில வரிகள் போன்ற துணுக்குகள் மட்டும் இசைக் குறிப்போடு பாப்பிரஸ் என்ற நாணல் தாள் துண்டுகளில் கிடைத்திருக்கின்றன. ஆட்ட அசைவுகள் எதுவும் மிஞ்சவில்லை. சினிமா பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தை மட்டும் படிக்கிற நிலைமை நமக்கு.

மூன்று பேர் கணக்கு

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். கோரஸ் தவிர, பேசுகிற நடிகர்கள் மொத்தம் மூன்று பேர்தான். எல்லோரும் ஆண்கள். ஏஸ்கிலஸ் இரண்டாவது நடிகரையும், சோஃபோக்ளிஸ் மூன்றாமவரையும் சேர்த்தார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். சோக நாடகம் அதோடு நின்றுகொண்டது. பேசாமல் வந்து நிற்கிற காவலர்கள், குழந்தைகள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். வாய் திறந்து பேசுவது மூவர் மட்டும்.

ஏன் மூன்று? ஒரு காரணம் போட்டி. அரசு செலவில் நடிகர்கள் என்றால் ஒருவருக்கு மூன்று, இன்னொருவருக்கு ஆறு என்று கொடுக்க முடியாது. இன்னொரு காரணம் முகமூடி, இதை நாமே யோசித்தால் பிடிபடும். நாலைந்து பேர் சேர்ந்த கான்ஃபரன்ஸ் காலில் பேசியிருக்கிறீர்களா? யார் பேசுகிறார் என்று கண்டுபிடிப்பதற்குள் பேச்சு தாண்டிப் போயிருக்கும், ஏனென்றால் யார் உதடும் தெரியாது. முகமூடிக்கும் உதடு அசையாது. தூரத்தில், மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரே நேரத்தில் மூன்று குரலுக்கு மேல் பிரித்தறிவது கஷ்டம்தான்.

அந்த முகமூடி கண், மூக்கை மட்டும் மறைக்கிற ரகம் இல்லை. விறைப்பாக்கிய துணி போன்ற லேசான பொருளில் செய்து, முடியும் ஒட்டி, தலை முழுக்கக் கவிழ்த்துக்கொள்வது. அசல் ஒன்றுகூடத் தப்பவில்லை. பானை ஓவியங்களை வைத்துத்தான் சொல்கிறோம். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிற ஒரு பானையில், ஒரு சாட்டிர் நாடகக் குழுவில் பெரும்பாலோர் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள், நடுவில் ஆலோஸ்காரர். ஒலிபெருக்கிக் குழல் எதற்கும் ஆதாரம் கிடையாது. குரலை மேலே கொண்டுபோனது அந்தச் சரிவும் நடிகரின் தொண்டையும். உயரக் காலணியும் அப்படித்தான், அந்தக் காலத்து ஓவியங்களில் நடிகர்கள் மெல்லிய அடி வைத்த மிருதுவான காலணி போட்டிருக்கிறார்கள், உயர்ந்த அடி பிற்காலத்தில் வந்தது.

சரி, மூன்று பேரை வைத்து எட்டுப் பாத்திரங்களை எப்படி ஓட்டுவது? 'ஈடிபஸ்' நாடகத்தின் உச்சகட்டத்தைப் பார்க்கலாம். மன்னன் ஈடிபஸ், அவன் மனைவி ஜொகாஸ்டா, கொரிந்த் நகரத்திலிருந்து வந்த தூதன், மூவரும் தரையில் நிற்கிறார்கள். தூதன் சொல்கிறான்: நீ கொரிந்த் மன்னனின் மகன் இல்லை, குழந்தையாக உன்னை ஒரு இடையன் என்னிடம் கொடுத்தான். ஜொகாஸ்டாவுக்குப் புரிந்துவிடுகிறது, தான் பெற்று மலையில் எறியச் சொன்ன பிள்ளைதான் இவன், இவனைத்தான் மணந்திருக்கிறேன் என்று. மேலே கேட்காதே என்று கெஞ்சுகிறாள், அவன் கேட்பதாக இல்லை, உள்ளே போய்விடுகிறாள். கோரஸ் ஒரு சின்னப் பாட்டுப் பாடுகிறது. பாட்டு முடிந்ததும் அந்த இடையன், இப்போது கிழவன், வருகிறான்.

கணக்குப் போடுங்கள். ஈடிபஸ் நகரவே இல்லை. தூதனும் அங்கேயே நிற்கிறான், இடையனை அடையாளம் காட்டப் போகிறவன் அவன்தான். இரண்டு நடிகர்கள் தீர்ந்துவிட்டார்கள். அப்படியானால் இடையன் யார்? ஜொகாஸ்டாவாக நடித்தவரேதான், வேறு ஆள் இல்லை. கோரஸ் பாடுகிற நேரத்தில் ஸ்கேனேக்குப் பின்னால் ராணியின் முகமூடியைக் கழற்றிக் கிழவனின் முகமூடியை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். "குழந்தையை உனக்கு யார் கொடுத்தது?" என்று ஈடிபஸ் மிரட்டும்போது, ஜொகாஸ்டா பக்கம் கை காட்டுகிற வாய், சற்று முன் ஜொகாஸ்டாவாகப் பேசின அதே வாய். பார்த்தவர்கள் அந்தக் குரலை அடையாளம் கண்டார்களா, சோஃபோக்ளிஸ் வேண்டுமென்றேதான் அப்படி அமைத்தாரா என்பதெல்லாம் நம் ஊகத்துக்கு. எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை என்பது மட்டும் உண்மை.

சுருக்கமாக: முகமூடி இருப்பதால் ஒருவர் பலராகலாம், கோரஸ் பாடுவதால் மாற நேரம் கிடைக்கிறது, மூவருக்கு மேல் கிடையாது என்பதால் யார் எப்போது உள்ளே போவது என்பதைக் கவிஞர் எழுதும்போதே கணக்குப் பார்த்தாக வேண்டும்.

கொலை ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை

கிரேக்கர்கள் நாகரிகமானவர்கள், அதனால் மேடையில் ரத்தம் காட்டவில்லை என்பார்கள். மென்மை ஒன்றும் இல்லை. ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கொண்டதை உள்ளிருந்து வந்து ஒருவன் விவரிப்பதைப் படித்துப் பாருங்கள், கண்ணால் பார்த்தாலே தேவலை என்று தோன்றும். மூன்றே நடிகர்கள் என்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள், செத்து விழுந்து தரையில் கிடக்கிற நடிகர் வேறு வேஷம் போட முடியாது. அதனால் பெரும்பாலும் சாவு உள்ளே நடக்கும், செய்தி வெளியே வரும். சோஃபோக்ளிஸின் 'அஜாக்ஸ்' இதற்கு விதிவிலக்கு என்பது பலருடைய கருத்து, அதில் நாயகன் வாள்மேல் விழுந்து சாகிறான்.

உள்ளே நடந்ததைக் காட்ட ஒரு தந்திரம் இருந்தது: சக்கரம் வைத்த ஒரு மேடையில் பிணங்களைக் கிடத்திக் கதவு வழியாக வெளியே தள்ளுவது. தெய்வங்கள் வர இன்னொன்று, 'மேக்கானே' என்ற பாரந்தூக்கி. நடிகரைக் கட்டி ஸ்கேனேக்கு மேலே தூக்கிவிடுவார்கள். 'மீடியா' முடிவில், தன் பிள்ளைகளைக் கொன்றவள் சூரியன் கொடுத்த தேரில் உயரத்தில் நின்று, கீழே கதறும் கணவனைப் பார்க்கிறாள். கதை சிக்கிக்கொண்டால் ஒரு கடவுளை இறக்கிவிட்டு முடித்துவிடுவது என்ற வசைக்கும் இந்த இயந்திரம்தான் காரணம். இதை நன்றாகக் கிண்டலடித்தவர் அரிஸ்டோஃபனிஸ். கி.மு. 421இல் வந்த 'அமைதி' நாடகத்தில் ஒரு விவசாயி பெரிய சாணி வண்டின் மேலேறி வானத்துக்குப் பறக்கிறான். நடுவானில் பயந்துபோய், கதையை விட்டுவிட்டு, பாரந்தூக்கியை இயக்குகிற ஆளைப் பார்த்து, கவனமாகப் பிடி என்று கத்துகிறான்.

சோகம் என்றால் சோக முடிவா?

இல்லை. டிராஜெடி என்பது அந்த விழாவில் ஒரு போட்டிப் பிரிவின் பெயர், கிட்டத்தட்ட 'கனமான நாடகம்' என்று வைத்துக்கொள்ளலாம். யூரிப்பிடிஸின் 'ஹெலன்' சுபமாக முடிகிறது, 'யூமெனிடிஸ்' சமரசத்தில் முடிகிறது. புராணக் கதைதான் வேண்டும் என்றும் இல்லை. 'பாரசீகர்கள்', எட்டே வருடம் முன்பு சலாமிஸ் கடலில் ஏதென்ஸ் தோற்கடித்த எதிரியின் அரண்மனையில் நடக்கிறது, எதிரியின் அழுகையைக் காட்டுகிறது. அதற்கும் முன்பு, நட்பு நகரமான மிலெட்டஸ் பாரசீகரிடம் வீழ்ந்ததை ஃபிரினிக்கஸ் நாடகமாகப் போட்டார். அரங்கமே அழுதது. சொந்த வீட்டுத் துக்கத்தைக் கிளறிவிட்டார் என்று அவருக்கு ஆயிரம் டிராக்மா அபராதம் போட்டு, அந்த நாடகத்தை இனி யாரும் போடக் கூடாது என்றும் தடுத்துவிட்டார்கள்.

அந்த மூன்று ஒருமை விதி? அரிஸ்டாட்டில் பிறந்தது கி.மு. 384இல், சோஃபோக்ளிஸும் யூரிப்பிடிஸும் செத்து இருபது வருடம் ஆன பிறகு. அவர் வற்புறுத்தியது செயல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மட்டும். காலத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி, இடத்தைப் பற்றி விதியே இல்லை. மூன்றையும் சட்டமாக்கியவர்கள் 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய விமர்சகர்கள். 'யூமெனிடிஸ்' நாடகம் டெல்ஃபியில் தொடங்கி ஏதென்ஸுக்கு நகர்கிறது, அதை அவர்கள் என்ன செய்தார்களோ.

எல்லாம் குரல்தான்

முகமூடி மூடிவிட்டது, முகபாவம் என்ற ஆயுதம் போய்விட்டது. மிச்சம் உடல் அசைவும் குரலும். கி.மு. 449 முதல் சோக நடிகர்களுக்கும் தனிப் பரிசு வந்தது. கூட்டமும் ஒரு உச்சரிப்பைக்கூட விடாமல் கேட்டது. பழைய கிரேக்கத்தில் சொல்லின் சுருதி ஏறி இறங்குவதிலேயே அர்த்தம் மாறும். நம் ஊரில் 'மழை' என்பதை 'மலை' என்றால் என்ன ஆகும், அப்படி.

கி.மு. 408இல் யூரிப்பிடிஸின் 'ஒரெஸ்டிஸ்'. ஹெகெலோக்கஸ் என்ற நடிகர் நாயகன் வேஷத்தில். பைத்தியம் பிடித்து உலுக்கியெடுத்து, மெல்லத் தெளிகிற உருக்கமான இடம். "அலைகளுக்குப் பின் மீண்டும் அமைதியைக் காண்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு எழுத்தில் சுருதி தப்பியது. அமைதி என்ற சொல், எலி பிடிக்கிற, கீரி மாதிரியான ஒரு சின்னப் பிராணியின் பெயராகக் காதில் விழுந்தது. அலைகளுக்குப் பின் மீண்டும் கீரியைக் காண்கிறேன். ஏதென்ஸ் விடவில்லை. மூன்று வருடம் கழித்து, அரிஸ்டோஃபனிஸ் 'தவளைகள்' நாடகத்தில் பாதாள உலகத்துக்குப் போகிற டயோனிசஸ் கடவுளிடம், ஹெகெலோக்கஸ் சொன்ன மாதிரி நாமும் சொல்லிக்கொள்ளலாம் என்று வேலைக்காரனைவிட்டு அதே வரியைச் சொல்ல வைத்தார், கீரியோடு.